நீதிமானாக்கப்படுதலும் கிறிஸ்துவோடு ஒன்றாதலும்: ஆதித் திருச்சபை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பில் ரோமர் நிருபத்தை எடுத்தால், மூன்றாவது வாரம் யாராவது ஒருவர் கையைத் தூக்கிவிடுவார். "கடவுள் நம்மை நீதிமான் என்று வாயால் அறிவிக்கிறாரா, இல்லை நிஜமாகவே நீதிமானாக மாற்றுகிறாரா?" நல்ல கேள்விதான். ஆனால் முதல் நானூறு ஆண்டுகளில் வாழ்ந்த ஆசிரியர்களிடம் இதைக் கேட்டிருந்தால், பாதிப்பேர் விழித்திருப்பார்கள். அவர்கள் மனதில் வழக்குமன்றமும் கல்யாண வீடும் ஒரே வளாகத்தில் இருந்தன. நமக்குத்தான் நடுவில் ஒரு மதில் எழும்பிவிட்டது. இந்த விஷயத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

'நீதிமானாக்கப்படுதல்' என்ற சொல்லுக்கு மூலம் என்ன?

கிரேக்கத்தில் 'திக்கையோ' என்றொரு வினைச்சொல் உண்டு. நியாயம் என்று பொருள்படும் 'திக்கே' அதன் வேர். விசாரணை முடிந்து, 'இவர் பக்கம் நியாயம் இருக்கிறது' என்று தீர்ப்புச் சொல்வது அதன் பழகிய பொருள். பவுல் இதோடு ஆதியாகமம் 15:6-ஐச் சேர்த்துக்கொள்கிறார். ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தான், 'அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்' என்கிறது அந்த வசனம். ரோமர் 4-ஆம் அதிகாரத்தில் இந்த 'எண்ணினார்' திரும்பத் திரும்ப வருகிறது. கிரேக்கத்தில் அது கணக்கு எழுதுபவர்களின் சொல். நம் கடைக் கணக்கில் 'வரவு வைத்தார்' என்பார்களே, ஏறத்தாழ அது.

தமிழுக்கு வந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. சீர்திருத்தச் சபைகள் வாசிக்கும் பழைய திருப்புதலில் 'நீதிமானாக்கப்படுகிறான்' என்று இருக்கிறது. சொல்லைப் பிரித்தால் நீதிமான் + ஆக்கு. அதாவது 'மாற்றுதல்' என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அந்தச் சபைகளின் போதனை, 'கடவுள் நீதிமான் என்று அறிவிக்கிறார்' என்பது. கத்தோலிக்கரின் பொது மொழிபெயர்ப்போ 'கடவுளுக்கு ஏற்புடையவர்' என்கிறது. உள்ளே நடக்கும் மாற்றத்தை வலியுறுத்தும் சபையின் கையில், 'ஏற்றுக்கொள்ளப்படுதல்' என்று ஒலிக்கும் சொல்! இரு தரப்பும் ஒருவர் சட்டையை ஒருவர் மாற்றிப் போட்டுக்கொண்டதுபோல இருக்கும். வெறும் சொல்லை வைத்துக்கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது என்பதற்கு நம் மொழியே சாட்சி.

சரி, 'கிறிஸ்துவோடு ஒன்றாதல்' என்றால்?

தெருமுனையில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பாருங்கள். இறந்தவர் கிறிஸ்தவர் என்றால் 'கிறிஸ்துவுக்குள் நித்திரையடைந்தார்' என்று போட்டிருக்கும். பழைய கடிதங்கள் 'கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரருக்கு' என்று தொடங்கும். கல்யாணப் பத்திரிகையிலும் அதே 'கிறிஸ்துவுக்குள்'. பழகிப்போய், நிறுத்தற்குறி மாதிரி ஆகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் விசித்திரமான சொற்றொடர். ஒரு மனிதருக்குள் இன்னொருவர் எப்படி இருக்க முடியும்?

பவுலின் நிருபங்களில் திரும்பும் இடமெல்லாம் வருவது இந்தச் சொற்றொடர்தான். 'இனி நான் அல்ல, கிறிஸ்துவே எனக்குள் பிழைத்திருக்கிறார்' (கலாத்தியர் 2:20) என்று திசையை மாற்றியும் சொல்வார். 1 கொரிந்தியர் 6:17-இல் 'கர்த்தரோடிசைந்திருக்கிறவனும், அவருடனே ஒரே ஆவியாயிருக்கிறான்' என்கிறார். முந்தின வசனத்தில், வேசியோடு இசைந்திருப்பதைக் கண்டிக்க, புருஷனும் மனைவியும் ஒரே மாம்சமாவார்கள் என்ற ஆதியாகம வரியை அவர் எடுத்துக்காட்டுகிறார். ஆகவே 'ஒரே ஆவி' என்பது ஏதோ மங்கலான மன உணர்வு இல்லை. தாம்பத்தியத்தை அளவுகோலாக வைத்துச் சொல்லப்பட்ட உறவு அது. யோவான் சுவிசேஷத்தில் இதே விஷயம் திராட்சைச்செடியும் கொடியுமாக வருகிறது.

தீர்ப்பும் ஐக்கியமும் பவுலிடத்தில் எங்கே சந்திக்கின்றன?

பிலிப்பியர் 3:9-இல். சுயநீதியை உடையவனாயிராமல், விசுவாசத்தினால் வரும் நீதியை உடையவனாயிருந்து, கிறிஸ்துவுக்குள் காணப்பட வேண்டும் என்பது பவுலின் ஆசை. நீதி கிடைக்கும் இடமே 'அவருக்குள்'. வெளியே நின்று வாங்கிக்கொண்டு போகும் பொருளாக அவர் அதைப் பார்க்கவில்லை.

ரோமர் நிருபத்திலும் இதே கதைதான். 3, 4-ஆம் அதிகாரங்கள் வழக்குமன்றம். 6-ஆம் அதிகாரத்தில் திடீரென்று தண்ணீர், அடக்கம், உயிர்த்தெழுதல் என்று காட்சி மாறுகிறது. நாம்தான் நடுவில் கோடு போட்டு, 'இதுவரை நீதிமானாக்கப்படுதல், இனிமேல் பரிசுத்தமாகுதல்' என்று பாடம் பிரிக்கிறோம். பவுல் அப்படி எந்த அறிவிப்பும் கொடுக்கவில்லை. 1 கொரிந்தியர் 6:11-இல் கழுவப்பட்டீர்கள், பரிசுத்தமாக்கப்பட்டீர்கள், நீதிமான்களாக்கப்பட்டீர்கள் என்று ஒரே மூச்சில் சொல்கிறார். வரிசைகூட நம் பாடப்புத்தக வரிசை இல்லை.

அப்போஸ்தலர்களுக்கு அடுத்த தலைமுறை பவுலை மறந்துவிட்டதா?

அப்படி ஒரு குற்றச்சாட்டு நெடுநாளாகவே இருக்கிறது. பாதி உண்மை. இரண்டாம் நூற்றாண்டில் யாரும் 'நீதிமானாக்கப்படுதல்' என்று தலைப்புப் போட்டு நூல் எழுதவில்லை. அவர்கள் தலைமேல் இருந்த பிரச்சினைகள் வேறு. மாம்சமே கெட்டது என்ற ஞானவாதிகள் ஒரு பக்கம், ரோம அரசு இன்னொரு பக்கம். ஆனால் விஷயத்தை மறக்கவில்லை.

ரோமின் கிளமெந்தையே எடுத்துக்கொள்வோம். கொரிந்து சபையில் மூப்பர்களைச் சிலர் நீக்கிவிட்டார்கள். அந்தத் தகராறுக்காக, கி.பி. 96 வாக்கில் ரோமிலிருந்து ஒரு நீண்ட கடிதம் போகிறது. அதன் 32-ஆம் அதிகாரம், நம் ஞானத்தாலோ பக்தியாலோ தூய இதயத்தோடு செய்த செயல்களாலோகூட நாம் நீதிமான்களாவதில்லை, விசுவாசத்தினால்தான் என்கிறது. நாளை காலை லுத்தரன் சபைப் பிரசங்கத்தில் அப்படியே வாசிக்கலாம். ஆனால் இரண்டு அதிகாரம் முன்னால், 30-இல், 'வார்த்தைகளால் அல்ல, செயல்களால் நீதிமான்களாவோம்' என்று அதே கை எழுதியிருக்கிறது. முரண்பாடா? கிளமெந்துக்கு அப்படித் தோன்றவில்லை. வாய்ச்சவடால் பேசி மூப்பர்களைத் துரத்தியவர்களிடம் பேசும்போது ஒன்று, கடவுள் முன் நிற்பதைப் பேசும்போது இன்னொன்று.

அந்தியோகியாவின் இக்னேஷியஸ் வேறு மாதிரி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காட்டுமிருகங்களுக்கு இரையாக ரோமுக்குக் கொண்டுபோகப்படுகிறார். காவலுக்குப் பத்துச் சிப்பாய்கள். 'பத்துச் சிறுத்தைகள்' என்று அவர்களுக்குப் பெயர் வைக்கிறார். வழியில் ஏழு கடிதங்கள் எழுதுகிறார். பிலதெல்பியாவுக்கு எழுதியதில் ஒரு வாக்குவாதம் பதிவாகியிருக்கிறது. சிலர், 'பழைய ஆவணங்களில் இருந்தால்தான் நம்புவோம்' என்கிறார்கள். அவர் பதில்: என் ஆவணம் இயேசு கிறிஸ்துதான். அவருடைய சிலுவை, மரணம், உயிர்த்தெழுதல், அவர் மூலமான விசுவாசம். இவற்றில்தான் நான் நீதிமானாக்கப்பட விரும்புகிறேன், உங்கள் ஜெபத்தின் உதவியோடு. எபேசியருக்கு எழுதும்போது, பிட்கப்படும் அப்பத்தை 'சாவாமையின் மருந்து' என்கிறார். தீர்ப்பும் மருந்தும் ஒரே மனிதரின் ஒரே பயணத்தில் எழுதப்பட்டவை.

'இனிய பரிமாற்றம்' என்று ஏதோ சொல்வார்களே, அது எது?

தியோக்னேத்து என்பவருக்கு எழுதப்பட்ட கடிதத்தில் வருவது. எழுதியவர் பெயர் தெரியாது. இரண்டாம் நூற்றாண்டு என்பது பொதுவான கருத்து. இந்தக் கடிதம் நமக்குக் கிடைத்த கதையே தனி. 1436 வாக்கில் கான்ஸ்தாந்தினோப்பிளில் ஒரு மீன்கடையில், பொட்டலம் கட்டும் தாள்களுக்கு நடுவே இதன் கையெழுத்துப்படி கிடந்தது என்பார்கள். அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 1870-இல் பிரெஞ்சு-ஜெர்மன் போரின்போது ஸ்ட்ராஸ்பூர்க் நூலகம் எரிந்ததில் அதுவும் போயிற்று. நல்லவேளை, அதற்குள் நகல் எடுத்திருந்தார்கள்.

அதன் 9-ஆம் அதிகாரத்தில், பலருடைய அக்கிரமம் ஒரே நீதிமானுக்குள் மறைக்கப்பட்டது, ஒருவருடைய நீதி பல அக்கிரமக்காரரை நீதிமான்களாக்கியது, 'ஆ, இனிய பரிமாற்றமே!' என்று எழுத்தாளர் உருகிப்போகிறார். இதைப் படித்துவிட்டு 'இதோ பாருங்கள், கணக்கு மாற்றி எழுதுவது' என்று சிலர் நிறுத்திக்கொள்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். 'மறைக்கப்பட்டது' எங்கே? 'ஒரே நீதிமானுக்குள்'. பரிமாற்றம் நடக்கும் இடமும் அந்தப் பழைய 'உள்ளே'தான்.

இரேனேயு என்ன புதிதாகச் சொன்னார்?

அவர் சின்ன ஆசியாவின் சிமிர்னாவில் வளர்ந்தவர். சிறுவயதில் அந்த ஊர்ப் பேராயர் பொலிக்கார்ப்புவின் பேச்சைக் கேட்டவர். பிற்பாடு இன்றைய பிரான்சிலுள்ள லியோனில் பேராயர். 177-இல் அந்தச் சபை கொடிய துன்புறுத்தலைக் கண்டது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 180 வாக்கில், ஞானவாதிகளுக்கு எதிராக ஐந்து புத்தகங்கள் எழுதினார்.

அவருடைய மைய எண்ணம், கிறிஸ்து மனித வரலாற்றை முதலிலிருந்து மறுபடி நடந்துகாட்டினார் என்பது. ஆதாம் மரத்தடியில் கீழ்ப்படியாமல் போனான், கிறிஸ்து மரத்தின்மேல் கீழ்ப்படிந்தார். அறுந்த இடத்தில் நூலைப் பிடித்து முடிபோடுவது மாதிரி. ஒவ்வொரு வயதையும் பரிசுத்தமாக்க அவர் குழந்தையானார், சிறுவனானார், வாலிபனானார் என்றெல்லாம் அடுக்கிக்கொண்டு போவார். அந்த வேகத்தில், முதியவர்களையும் விட்டுவிடக் கூடாதென்று, இயேசு ஐம்பது வயதை நெருங்கும்வரை வாழ்ந்தார் என்றே எழுதிவிட்டார்! இதை யாரும் ஏற்கவில்லை. ஆனால் அவர் மனம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஐந்தாம் புத்தகத்தின் முகவுரையில் வருவது அவருடைய புகழ்பெற்ற வரி. தம் மிகுந்த அன்பினால் அவர் நாம் இருக்கிற நிலைக்கு வந்தார், தாம் இருக்கிற நிலைக்கு நம்மைக் கொண்டுவர. இங்கே மீட்பு என்பது தீர்ப்புத் தாளில் முடியவில்லை. அதே இரேனேயு, ஆபிரகாமின் விசுவாசமும் நம் விசுவாசமும் ஒன்றுதான், அதனால்தான் நீதி எண்ணப்படுகிறது என்றும் நான்காம் புத்தகத்தில் சொல்கிறார்.

ஞானஸ்நானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

என் அபிப்பிராயத்தில், ஆதிச் சபையின் இந்தப் போதனையை அவர்கள் நூல்களைவிட அவர்கள் தொட்டிகளில்தான் நன்றாகப் படிக்கலாம்.

நான்காம் நூற்றாண்டு எருசலேம். தவக்காலம் முழுக்கப் பாடம் கேட்டவர்கள் உயிர்த்தெழுதலின் இரவில் கூடுகிறார்கள். பிறகு என்ன நடந்தது என்பது, ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு அதே வாரத்தில் கொடுக்கப்பட்ட விளக்கவுரைகளில் இருக்கிறது. பேராயர் சிரிலின் பெயரில் வழங்கும் உரைகள் அவை. (அவருக்குப் பின் வந்த யோவான் என்பவருடையவை என்று சொல்பவர்களும் உண்டு.) முதலில் மேற்குப் பார்த்து நிற்க வேண்டும். மேற்கு இருட்டின் திசை. கையை நீட்டி, எதிரே சாத்தான் நிற்பதுபோலவே, 'உன்னை விட்டுவிடுகிறேன்' என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். பிறகு கிழக்கே திரும்பி விசுவாச அறிக்கை. உடையை முழுக்கக் களைய வேண்டும். உச்சந்தலை முதல் பாதம் வரை எண்ணெய். கையைப் பிடித்துத் தொட்டிக்கு நடத்திப் போவார்கள். மூன்று முறை முழுகி எழ வேண்டும். அது கிறிஸ்து கல்லறையில் இருந்த மூன்று நாள். இது நடந்த நகரத்தில், அந்தக் கல்லறை கூப்பிடு தூரத்தில் இருந்தது.

உரையாளர் சொல்கிறார்: அந்த ஒரே நேரத்தில் நீங்கள் செத்தீர்கள், பிறந்தீர்கள். அந்தத் தண்ணீர் உங்களுக்குக் கல்லறையாகவும் தாயாகவும் ஆயிற்று. இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. நாம் நிஜமாகச் சாகவில்லை, நிஜமாக ஆணி அடிக்கப்படவில்லை. நாம் செய்தது சாயல்தான், ஆனால் கிடைத்த மீட்பு நிஜம் என்கிறார். வலி அவருக்கு, பலன் நமக்கு. இதைத்தான் பிற்கால இறையியலர்கள் பல நூறு பக்கங்களில் எழுதினார்கள்.

வெளியே வந்ததும் வெள்ளை உடை. கலாத்தியர் 3:27, ஞானஸ்நானம் பெற்றவர்கள் 'கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டீர்களே' என்கிறது. உடுத்தியதும் கழற்றியதும் அவர்களுக்கு உவமை இல்லை, உடம்பில் நடந்த சம்பவம்.

இதற்கு நூறாண்டுக்கு முந்தைய தொட்டி ஒன்று சிரியாவில், யூப்ரட்டீஸ் ஆற்றங்கரையில் தூரா யூரோப்போஸ் என்ற ஊரில் தோண்டி எடுக்கப்பட்டது. ஒரு வீட்டையே சபையாக மாற்றியிருந்தார்கள். 256 வாக்கில் முற்றுகையில் ஊர் அழிந்தது. சுவரோவியங்கள் இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஒரு சுவரில் பெண்கள் விளக்கோடு வரிசையாக ஒரு பெரிய வெள்ளைக் கட்டிடத்தை நோக்கி நடக்கிறார்கள். கல்லறைக்குப் போகும் பெண்கள் என்பது பழைய விளக்கம். மணவாளனைச் சந்திக்கப் போகும் கன்னிகைகள் என்பது இன்னொரு விளக்கம். வாதம் இன்னும் முடியவில்லை. எனக்கென்னவோ, முடியாமல் இருப்பதே பொருத்தம் என்று படுகிறது.

'மனிதன் தெய்வமாகிறான்' என்று அத்தனாசியு எழுதினாராமே? அது அத்வைதம் ஆகிவிடாதா?

எழுதியது உண்மை. 'நாம் தெய்வமாக்கப்படும்படி அவர் மனிதரானார்.' மனுவுருவாதல் பற்றிய நூலில், 54-ஆம் அதிகாரம். அலெக்சாந்திரியாவின் பேராயராக இருந்து ஐந்து முறை நாடு கடத்தப்பட்டவர், போகிறபோக்கில் இப்படி எழுதுகிற ஆள் இல்லை.

அவர் அதே நூலில் தரும் இரண்டு படங்களைப் பார்த்தால் பயம் தெளியும். ஒன்று, மரப்பலகையில் தீட்டிய உருவப்படம். அழுக்குப் படிந்து முகம் அழிந்துவிட்டது. பலகையைத் தூக்கி எறிய மாட்டார்கள். படத்துக்கு உரியவர் மறுபடி வந்து உட்கார்ந்தால், அதே பலகையில் அதே முகத்தைத் திருத்தி வரையலாம். இரண்டாவது, ஒரு பெரிய நகரத்தின் ஏதோ ஒரு வீட்டில் ராஜா வந்து தங்குகிறார். அந்த ஒரு வீட்டால் ஊர் முழுக்க மதிப்புப் பெறுகிறது, கொள்ளைக்காரர்கள் கிட்டே வருவதில்லை. பலகை ராஜாவாகிவிடவில்லை, வீடும் ராஜாவாகிவிடவில்லை.

குமாரன் பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்று போதித்த ஆரியு கட்சியார் யோவான் 17-ஐக் காட்டி, 'நாம் ஒன்றாயிருப்பதுபோல அவர்களும் ஒன்றாயிருக்க வேண்டும்' என்று இயேசு சொன்னாரே, அப்படியானால் பிதாவுக்கும் குமாரனுக்கும் உள்ள ஒற்றுமையும் நம்முடையதைப் போல மனம் ஒத்துப்போவது மட்டும்தானே என்று மடக்கினார்கள். 'போல' என்றால் 'அதுவே' என்று ஆகாது என்பது அத்தனாசியுவின் பதில். அவர் குமாரன் இயல்பால், நாம் பிள்ளைகள் கிருபையால். மூன்றாம் நூற்றாண்டு ஆசிரியரான ஒரிகன் இதற்கு முன்பே, கிறிஸ்துவின் மனித ஆத்துமாவைப் பற்றிப் பேசும்போது, நெருப்பில் கிடக்கும் இரும்பைக் காட்டினார். முழுக்கத் தணலாகிவிட்டது, தொட்டால் சுடும். ஆனாலும் இரும்பு இரும்புதான். இந்த உவமையைப் பிற்காலத்தவர் எல்லா விசுவாசிகளுக்குமே நீட்டினார்கள்.

'அத்வைதமா?' என்று தமிழர் கேட்பது இயல்பு. நம் மண்ணில் 'ஒன்றாதல்' என்ற சொல்லுக்கு அத்தனை நூற்றாண்டுப் பழக்கம். பாளையங்கோட்டையில் பிறந்து, பின்னாளில் தென்னிந்தியத் திருச்சபையின் கோவைப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, யோவான் சொல்லும் ஐக்கியத்தைச் சங்கரரோடு அல்ல, ராமானுஜரோடும் பக்தி மரபோடும் வைத்துத்தான் பார்த்தார். அன்பில் இருவர் இருந்தே ஆக வேண்டும் என்பதே காரணம்.

'விசுவாசத்தினால் மட்டுமே' என்பது லூத்தர் நுழைத்தது இல்லையா?

ரோமர் 3:28-இன் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் 'மட்டும்' என்ற சொல்லை 1522-இல், சீர்திருத்தத்தைத் தொடங்கிய அவர் சேர்த்தது நிஜம். மூலத்தில் அது கிடையாது. ஆனால் நம் பழைய திருப்புதலில் அதே வசனத்தைப் பாருங்கள்: 'விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான்'. லூத்தருக்கு ஒரு தனிச்சொல் தேவைப்பட்டது. தமிழுக்கு ஓர் ஏகாரம் போதுமாயிருந்தது!

சொல்லும் அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. நான்காம் நூற்றாண்டில் புவாத்தியேயின் ஹிலரி மத்தேயு விளக்கவுரையில், 'விசுவாசம் மட்டுமே நீதிமானாக்குகிறது' என்று எழுதியிருக்கிறார். அதே நூற்றாண்டில் ரோமில் பவுலின் நிருபங்களுக்கு உரை எழுதிய ஒருவர் இதைப் பலமுறை சொல்கிறார். அவர் உரை நெடுங்காலம் அம்புரோசின் பெயரில் உலவியதால் அவரை அம்புரோசியாஸ்தர் என்கிறோம், நிஜப்பெயர் போய்விட்டது. கிரேக்கத்தில் எழுதிய பேராயர்கள் பேசில், கிறிசொஸ்தோம் ஆகியோரிடமும் இந்த வாக்கு உண்டு.

அதற்காக அவர்களையெல்லாம் 'லூத்தருக்கு முந்தைய லுத்தரன்கள்' என்று சேர்த்துக்கொள்வதும் தப்பு. கிறிசொஸ்தோம் ரோமர் 3-க்குச் சொன்ன விளக்கத்தைக் கேளுங்கள். கடவுள் தம் ஐசுவரியத்தைக் காட்டுகிறார் என்றால் தாம் பணக்காரர் என்று காட்டுவது மட்டும் இல்லை, பிறரைப் பணக்காரராக்குவதும்தான். அதுபோல, தம் நீதியைக் காட்டுவது என்றால் பாவத்தில் புரையோடிப் போனவர்களை நொடியில் நீதிமான்களாக்குவது. இலவசம், உழைப்பில்லை, விசுவாசம் மட்டும். ஆனால் கிடைப்பது வெறும் சான்றிதழ் இல்லை.

யாக்கோபு 2:24 இதற்கு நேர்மாறாக இருக்கிறதே?

'விசுவாசத்தினாலேமாத்திரம் அல்ல' என்று அவர் சொல்வது, பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று தாமே வர்ணித்த விசுவாசத்தைப் பற்றி. வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரப் பேராயர் அகஸ்டினின் சமாதானம் இது: பவுல் பேசுவது விசுவாசத்துக்கு முந்தைய கிரியைகள், யாக்கோபு பேசுவது அதற்குப் பிந்தையவை. எனக்கு இது போதும்.

அகஸ்டின் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார் என்கிறார்களே?

மாற்றினார் என்பதைவிட, இலத்தீன் உலகத்துக்குச் சொல்லகராதி எழுதிக்கொடுத்தார் எனலாம். 'யூஸ்டிஃபிகாரே' என்ற இலத்தீன் சொல்லை அவர் 'நீதிமானாகச் செய்தல்' என்றே எடுத்துக்கொண்டார். நம் 'ஆக்கு' மாதிரியே. மேற்குத் திருச்சபை ஆயிரம் ஆண்டு அந்தப் பொருளிலேயே நடந்தது. அவருக்குக் கிரேக்கம் சரளம் இல்லை, அதனால்தான் வழக்குமன்றப் பொருள் தவறிப்போனது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். பிறகு, 412 வாக்கில் மார்செல்லினுக்காக அவர் எழுதிய 'ஆவியும் எழுத்தும்' நூலை நிதானமாக வாசித்தபோது மாட்டிக்கொண்டேன். 'நீதிமான்களாக்கப்படுவார்கள்' என்பதற்கு 'நீதிமான்களாக எண்ணப்படுவார்கள்' என்றும் பொருள் கொள்ளலாம் என்று, கிரேக்கம் தெரியாதவர் என்று நான் சொல்லி வந்த அதே மனிதர் அங்கே எழுதியிருக்கிறார். இரண்டாவது வழி அவருக்குத் தெரியும். முதலாவதையே அதிகம் விரும்பினார்.

ஏன்? அவர் கதையைப் பார்த்தால் புரியும். 386, மிலான் நகரத் தோட்டம். 'எடுத்துப் படி' என்ற குழந்தைக் குரல். புத்தகத்தைத் திறந்ததும் கண்ணில் பட்டது ரோமர் 13-இன் கடைசி: 'கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவைத் தரித்துக்கொள்ளுங்கள்.' மறுபடியும் உடை! அந்த வருடங்களில் அவருக்குக் குற்றவுணர்ச்சியைவிடப் பெரிய பிரச்சினை, நல்லதை விரும்பியும் செய்ய முடியாத கட்டு. விடுதலைத் தீர்ப்பு எழுதிக் கொடுத்துவிட்டு விலங்கைக் கழற்றாமல் போனால் அவருக்கு என்ன பிரயோஜனம்? ரோமர் 5:5, பரிசுத்த ஆவியினாலே தேவ அன்பு நம் இருதயங்களில் ஊற்றப்பட்டிருக்கிறது என்பது, அவருக்குச் சாவியாக அமைந்தது அதனால்தான். 'மனிதனே தன் முயற்சியால் நேராகலாம்' என்ற பெலாகியுவின் போதனையை அவர் விடாமல் எதிர்த்ததற்கும் வேர் அங்கே இருக்கிறது. 418-இல் கார்த்தேஜ் சங்கம் அந்தப் போதனையைக் கண்டித்தது.

'ஆவியும் எழுத்தும்' நூலின் ஒரு வரியை மனப்பாடம் செய்யலாம். தேவநீதி என்பது கடவுள் நீதியுள்ளவராக இருக்கும் நீதி அல்ல, அக்கிரமக்காரனை நீதிமானாக்கும்போது அவனுக்கு அவர் உடுத்தும் நீதி. 1545-இல் லூத்தர் தம் பழைய நாட்களை நினைவுகூரும்போது, தாம் கண்டுபிடித்ததையே அகஸ்டினும் சொல்லியிருப்பதைப் பிறகு பார்த்து மகிழ்ந்ததாக எழுதியது இந்த வரியை வைத்துத்தான். 'எண்ணப்படுவதைப்' பற்றி அகஸ்டின் போதுமான தெளிவாகச் சொல்லவில்லை என்று அங்கேயே ஒரு குறையும் வைத்தார்.

அப்படியானால் மதில் எப்போது எழும்பியது?

சீர்திருத்தக் காலத்தில். ஆனால் தொடங்கியவர்கள் அவ்வளவு மதில் கட்டவில்லை. லூத்தர் 1520-இல், விசுவாசம் ஆத்துமாவை மணவாட்டியாகக் கிறிஸ்துவோடு இணைக்கிறது, அவளுடைய கடனெல்லாம் அவருக்கு, அவருடைய சொத்தெல்லாம் அவளுக்கு என்று எழுதினார். பழைய 'இனிய பரிமாற்றம்' கல்யாணக் கோலத்தில் திரும்பி வந்திருக்கிறது. கிறிஸ்து நமக்கு வெளியே நிற்கும்வரை அவர் செய்த எதுவும் நமக்குப் பயனில்லை என்றார் கால்வின். பிறகு சண்டை முற்றியது. 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் நீதிமானாக்கப்படுதல் பற்றி 33 கண்டன விதிகளை வெளியிட்டது. அடுத்த தலைமுறை இருபுறமும் வாய்ப்பாடு எழுதத் தொடங்கியது. 1999 அக்டோபர் 31-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பூர்க்கில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2006-இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். எல்லாம் தீர்ந்துவிடவில்லை, ஆனால் பேச்சு நடக்கிறது.

இதெல்லாம் இருக்கட்டும். சிலுவையில் தொங்கிய கள்ளன் ஞானஸ்நானம் பெறவில்லையே, அப்பத்தில் பங்கெடுக்கவில்லையே. அவன் எப்படி?

ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிக் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். ஆதிச் சபையையும் இது விடவில்லை. ஒரிகன் ரோமர் விளக்கவுரையில், கிரியையில்லாமல் விசுவாசத்தால் மட்டும் நீதிமானானவனுக்கு உதாரணம் தேடி, முதலில் பிடித்தது இந்தக் கள்ளனைத்தான். கார்த்தேஜின் சிப்பிரியான், அவன் தன் இரத்தத்திலேயே ஞானஸ்நானம் பெற்றான் என்றார். அகஸ்டின் முதலில், அவசரத்தில் தண்ணீர் கிடைக்காதபோது விசுவாசமும் மனமாற்றமும் அந்த இடத்தை நிரப்பும் என்பதற்கு அவனைக் காட்டினார். முதுமையில் தம் நூல்களையெல்லாம் திரும்பப் படித்துத் திருத்தக் குறிப்புகள் எழுதியபோது, இந்த இடத்துக்கு வந்ததும், 'அவன் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெறவில்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியாதே' என்று தம்மையே திருத்திக்கொண்டார்.

வசனத்தைப் பாருங்கள்: 'இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்.' 'உன் குற்றம் மன்னிக்கப்பட்டது' என்று தனியாக ஒரு வாக்கியம் அங்கே இல்லை. அவனுக்குக் கிடைத்த தீர்ப்பு அந்த 'என்னுடனேகூட' தான்.